கேலன் ஒன்று, அளவு இரண்டு



சில வாரங்களுக்கு முன்பு இரண்டாம் படிவ வகுப்பில் ஓர் எளிய கேள்வியைக் கொடுத்தேன். “ஒரு கேலன் எத்தனை லிட்டர்? நாளைக்குக் கண்டுபிடித்து எழுதி வாருங்கள்.” மறுநாள் வந்த விடைகளில் ஏறக்குறையப் பாதி 3.785 லிட்டர். மீதிப் பாதி 4.546 லிட்டர். இரு தரப்பும் தங்கள் விடைதான் சரி என்று சண்டை பிடிக்காத குறை. கடைசியில் ஒரு மாணவி எழுந்து, “சார், ரெண்டு நம்பரும் எல்லா இடத்திலயும் இருக்கு. இதுல எது உண்மை?” என்று கேட்டார்.

இரண்டும் உண்மை. தவறு விடையில் இல்லை. என் கேள்வியில்தான் இருந்தது. எந்த நாட்டுக் கேலன் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன். ஏனென்று இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

பெயர் ஒன்று, அளவு ஏன் இரண்டு?

பழைய இங்கிலாந்தில் ஒரே ஒரு கேலன் இருக்கவில்லை. திராட்சை மதுவை அளக்க ஒரு கேலன், பீரை அளக்க வேறொரு கேலன், தானியத்தை அளக்க இன்னொரு கேலன் என்று பல இருந்தன. மதுக் கேலன் 231 கன அங்குலம். பீர்க் கேலன் 282 கன அங்குலம். நம் முன்னோர்களின் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறியதைப் போலத்தான் இதுவும்.

அமெரிக்கா 1776-இல் விடுதலையை அறிவித்தபோது இந்தப் பழைய அளவுகளோடுதான் பிரிந்து சென்றது. பின்னர் அது திரவங்களுக்கு 231 கன அங்குல மதுக் கேலனையே வைத்துக்கொண்டது. பிரிட்டனோ 1824-இல் ஒரு சட்டம் இயற்றிப் பழைய கேலன்களை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட வெப்பநிலையில் 10 பவுண்டு எடையுள்ள தூய நீர் எவ்வளவு இடத்தை அடைக்குமோ, அதுவே புதிய கேலன். இதைத்தான் ‘இம்பீரியல் கேலன்’ என்கிறோம். அமெரிக்கா அப்போது பிரிட்டனின் ஆட்சியில் இல்லை என்பதால், அந்தச் சட்டம் அங்கே செல்லவில்லை. ஒரே பெயர் இரண்டு அளவுகளுக்கு நிலைத்துவிட்டது.

கேலனுக்குள் இருக்கும் சிறிய அளவுகளிலும் இந்தக் குழப்பம் தொடர்கிறது. இரு நாடுகளிலும் 1 கேலன் 4 குவார்ட். 1 குவார்ட் 2 பைண்ட். இதுவரை ஒற்றுமை. ஆனால் பிரிட்டிஷ் பைண்டில் 20 திரவ அவுன்ஸ், அமெரிக்கப் பைண்டில் 16 திரவ அவுன்ஸ். பெருக்கிப் பாருங்கள்.

பிரிட்டிஷ் கேலன்: 4 × 2 × 20 = 160 திரவ அவுன்ஸ்
அமெரிக்கக் கேலன்: 4 × 2 × 16 = 128 திரவ அவுன்ஸ்

இந்த 160 எங்கிருந்து வந்தது? எடையில் 1 பவுண்டு என்பது 16 அவுன்ஸ். புதிய கேலன் 10 பவுண்டு நீர். ஆகவே 160 அவுன்ஸ் எடையுள்ள நீர். அதாவது 1 பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் நீரின் எடை சரியாக 1 அவுன்ஸ் வருமாறு அமைத்திருக்கிறார்கள்.

இப்போது அவற்றை மெட்ரிக் அளவில் பார்ப்போம். இந்த அட்டவணையை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் கேலன் = 4.546 லிட்டர்
பிரிட்டிஷ் பைண்ட் = 568 மில்லிலிட்டர்
பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் = 28.4 மில்லிலிட்டர்

அமெரிக்கக் கேலன் = 3.785 லிட்டர்
அமெரிக்கப் பைண்ட் = 473 மில்லிலிட்டர்
அமெரிக்கத் திரவ அவுன்ஸ் = 29.6 மில்லிலிட்டர்

ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? பிரிட்டிஷ் கேலன் அமெரிக்கக் கேலனைவிடப் பெரியது. ஆனால் பிரிட்டிஷ் அவுன்ஸ் அமெரிக்க அவுன்ஸைவிடச் சிறியது! அதனால், “பிரிட்டிஷ் அளவு எப்போதும் பெரியது” என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தால் அவுன்ஸ் கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

நம் பாட்டிமார் அளந்த கேலன்

நம் நாட்டில் எந்தக் கேலன் புழக்கத்தில் இருந்தது? பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் பிரிட்டிஷ் கேலன்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ‘கந்தாங்’, ‘சுப்பாக்’ என்ற சொற்களைக் கேட்டுப் பாருங்கள். அவை மலாய் மக்கள் நெல்லையும் அரிசியையும் அளந்த பழைய அளவைகள். 4 சுப்பாக் சேர்ந்தால் 1 கந்தாங். பிரிட்டிஷார் காலத்துச் சட்டம் 1 கந்தாங்கை 1 பிரிட்டிஷ் கேலனுக்கும், 1 சுப்பாக்கை 1 குவார்ட்டுக்கும் சமமாக்கியது. எனவே பாட்டி ஒரு கந்தாங் அரிசி வாங்கினார் என்றால், அது 4.546 லிட்டர் கொள்ளளவுள்ள அரிசி.

மலேசியாவில் 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பிறகு நாம் படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறினோம். சிங்கப்பூரும் 1970-களில் இதே பாதையில் சென்றது. இன்று பெட்ரோல், பால், சமையல் எண்ணெய் எல்லாம் லிட்டரில்தான். ஆனாலும் பழைய அளவுகள் முழுமையாகப் போய்விடவில்லை. குழந்தைக்குப் பால் கலக்கும்போது அம்மாக்கள் “நாலு அவுன்ஸ்” என்றுதான் சொல்கிறார்கள். பேரங்காடியில் உள்ள இறக்குமதிப் புட்டிகளிலும் அவுன்ஸ் இருக்கிறது.

லிட்டரின் எளிமை

ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 10 × 10 × 10 = 1,000 கன சென்டிமீட்டர். அதுதான் 1 லிட்டர். 1795-இல் பிரான்ஸ் இப்படித்தான் லிட்டரை அறிமுகம் செய்தது. ஆகவே 1 மில்லிலிட்டர் என்பது 1 கன சென்டிமீட்டர். நீளம் தெரிந்தால் கொள்ளளவு தெரியும். 1 லிட்டர் நீரின் பொருண்மை ஏறக்குறைய 1 கிலோகிராம். பத்தால் பெருக்கினாலோ வகுத்தாலோ போதும். 16, 20, 128, 160 எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை.

லிட்டரும் ஒருமுறை தடுமாறியது உண்டு. 1901-இல் அறிஞர்கள் ‘1 கிலோகிராம் நீரின் கொள்ளளவே 1 லிட்டர்’ என்று வரையறையை மாற்றினார்கள். நுட்பமாக அளந்தபோது அந்த லிட்டர் கனசதுர லிட்டரைவிட 0.0028 விழுக்காடு பெரிதாக இருந்தது. 1,000 லிட்டருக்கு வெறும் 28 மில்லிலிட்டர் வேறுபாடு. அதையும் விட்டுவைக்காமல் 1964-இல் மீண்டும் பழைய கனசதுரத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

இன்று கேலன்களும் மெட்ரிக் அளவைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகின்றன. பிரிட்டிஷ் கேலன் துல்லியமாக 4.54609 லிட்டர். ஓர் அங்குலம் துல்லியமாக 2.54 சென்டிமீட்டர் என்பதால், 231 × 2.54 × 2.54 × 2.54 என்று கணிப்பானில் தட்டினால் அமெரிக்கக் கேலன் எத்தனை மில்லிலிட்டர் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பெருக்கவா, வகுக்கவா?

அளவு மாற்றத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். எண் தெரியும், அதனால் பெருக்க வேண்டுமா வகுக்க வேண்டுமா என்பது தெரியாது. இதற்கு ஒரு வழி சொல்கிறேன். அலகையும் எண்ணைப் போலவே எழுதுங்கள்.

4.546 லிட்டரும் 1 கேலனும் ஒரே அளவு. ஆகவே ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விடை 1. எதையும் 1-ஆல் பெருக்கினால் மதிப்பு மாறாது. அலகு மட்டும் மாறும். 16 லிட்டரைக் கேலனுக்கு மாற்ற வேண்டுமா?

16 லிட்டர் × (1 கேலன் ÷ 4.546 லிட்டர்) = 3.52 கேலன்

மேலே ஒரு லிட்டர், கீழே ஒரு லிட்டர். இரண்டும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது கேலன். தவறுதலாக 4.546-ஆல் பெருக்கியிருந்தால், மேலே ‘லிட்டர் × லிட்டர்’ என்று பொருளில்லாத அலகு வந்து நிற்கும். உடனே தவறு தெரிந்துவிடும். அலகை எழுதுவது ஆசிரியருக்காக அல்ல; உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளும் காவல்.

இரண்டாவது காவல், தோராயக் கணக்கு. கேலன் லிட்டரைவிடப் பெரியது. ஆகவே கேலனில் சொன்னால் எண் சிறியதாக வர வேண்டும். 16 லிட்டர் என்பது 72 கேலன் என்று வந்தால், கணிப்பான் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்பாவின் குறிப்பேடு

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஒருமுறை இதில் தோற்றிருக்கிறேன்.

அப்போது நான் மூன்றாம் படிவம். அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு நிலத்தில் காய்கறி பயிரிட்டு வார இறுதிச் சந்தையில் விற்று வந்தார். இலைமேல் தெளிக்கும் திரவ உரத்துக்கு அவரிடம் ஒரு பழைய குறிப்பு இருந்தது: ‘1 கேலன் தண்ணீருக்கு 2 அவுன்ஸ்’. அதுவரை ஒரு கேலன் தகரத்தில் கலந்து வந்தவர், அந்த மாதம் முதுகில் மாட்டும் 16 லிட்டர் பம்பு ஒன்றை வாங்கினார். “இதுக்கு எத்தனை மில்லி ஊத்தணும்னு கணக்குப் பண்ணிச் சொல்லு” என்றார்.

நான் செய்த கணக்கு இது. 2 அவுன்ஸ் × 28.4 = 56.8. ஏறக்குறைய 57 மில்லிலிட்டர். 57 × 16 = 912 மில்லிலிட்டர்.

அப்பா அளவுக் குவளையைப் பார்த்துத் தயங்கினார். “இவ்வளவா? கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வருதே?” என்றார். “கணக்கு அப்படித்தான் வருதுப்பா” என்றேன். “சரி, படிக்கிற பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி ஊற்றினார்.

மூன்றாம் நாள் பயிற்றங்கொடிகளின் இலை ஓரங்கள் பழுப்பாகின. அந்த வாரம் முடிவதற்குள் இரண்டு வரிசை முழுக்கக் கருகிவிட்டது. சந்தைக்குப் போக வேண்டிய காய் அது.

தவறு எங்கே என்று கண்டுபிடித்தீர்களா? ‘1 கேலனுக்கு 2 அவுன்ஸ்’ என்பதில் இரண்டு அலகுகள் இருக்கின்றன. நான் மேலே இருந்த அவுன்ஸை மட்டும் மாற்றினேன். கீழே இருந்த கேலனை அப்படியே விட்டுவிட்டு, அதை லிட்டராக நினைத்து 16-ஆல் பெருக்கிவிட்டேன். சரியான கணக்கு இப்படி இருந்திருக்க வேண்டும்.

16 லிட்டர் × (1 கேலன் ÷ 4.546 லிட்டர்) × (2 அவுன்ஸ் ÷ 1 கேலன்) × (28.4 மில்லிலிட்டர் ÷ 1 அவுன்ஸ்) = 200 மில்லிலிட்டர்

லிட்டர், கேலன், அவுன்ஸ் எல்லாம் அடிபட்டு மில்லிலிட்டர் மட்டும் மிஞ்சுகிறது. 200 ஊற்ற வேண்டிய இடத்தில் 912 ஊற்றச் சொல்லியிருக்கிறேன். நான்கரை மடங்கு!

இன்னும் சுலபமான வழியும் இருந்தது. 1 கேலன் 160 அவுன்ஸ். அதில் 2 அவுன்ஸ் என்றால் 80-இல் 1 பங்கு. 16,000 மில்லிலிட்டரை 80-ஆல் வகுத்தால் 200. இதற்கு லிட்டரும் வேண்டாம், 4.546-உம் வேண்டாம்.

அப்பா என்னைத் திட்டவில்லை. அவருடைய கை அனுபவம் ‘இது அதிகம்’ என்று சொன்னது. அவர் என் கணக்கை நம்பினார். அந்தத் தயக்கத்தை நான் மதித்து, ஒரு நிமிடம் நின்று மறுபடி பார்த்திருக்க வேண்டும். உங்கள் விடையைப் பார்த்து அனுபவமுள்ள ஒருவர் புருவத்தை உயர்த்தினால், அதையும் ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகாயத்தில் எரிபொருள் தீர்ந்த விமானம்

பெரியவர்களும் படித்தவர்களும்கூட இதில் தவறியிருக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி, ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று மாண்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குப் புறப்பட்டது. அதில் 69 பேர் இருந்தனர். அப்போது கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பழைய விமானங்களின் எரிபொருள் கணக்கு பவுண்டில் இருந்தது. இந்தப் புதிய விமானத்துக்குக் கிலோகிராமில்.

அன்று எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் தொட்டியில் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது என்று அளவுக் கோலால் அளந்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லிட்டரைப் பொருண்மையாக மாற்ற அடர்த்தி வேண்டும். அவர்கள் பயன்படுத்திய எண் 1.77.

7,682 × 1.77 = 13,597
22,300 − 13,597 = 8,703
8,703 ÷ 1.77 = 4,917 லிட்டர்

எனவே 4,917 லிட்டர் ஏற்றினார்கள். கூட்டலும் கழித்தலும் சரி. ஆனால் 1.77 என்பது 1 லிட்டர் எரிபொருளின் எடை பவுண்டில்! கிலோகிராமில் அது 0.803 மட்டுமே. சரியான எண்ணைப் போட்டால் 20,088 லிட்டர் ஏற்றியிருக்க வேண்டும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். தேவையான எரிபொருளில் பாதிக்கும் குறைவாகத்தான் தொட்டியில் இருந்தது. ஒட்டாவாவில் மறுபடி சரிபார்த்தார்கள். ஆனால் அதே 1.77-ஐக் கொண்டே சரிபார்த்தார்கள். தவறான எண்ணை வைத்து எத்தனை முறை சரிபார்த்தாலும் அது சரியாகத்தான் தோன்றும்.

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எச்சரிக்கை ஒலித்தது. சிறிது நேரத்தில் இரண்டு இயந்திரங்களும் நின்றுவிட்டன. விமானி ராபர்ட் பியர்சன் இயந்திரமில்லாத சறுக்கு விமானங்களை ஓட்டிப் பழகியவர். அந்த அனுபவத்தால் அவரும் துணை விமானி மாரிஸ் குவிண்டாலும் விமானத்தைக் காற்றில் மிதக்கவிட்டு, கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய இராணுவ ஓடுபாதையில் இறக்கினார்கள். அன்று அந்த ஓடுபாதையில் கார்ப் பந்தயத்துக்காக மக்கள் கூடியிருந்தார்கள். யாரும் உயிரிழக்கவில்லை. சிலருக்குச் சிறு காயங்கள் மட்டுமே.

1.77 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘பவுண்டு ÷ லிட்டர்’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 22,300 கிலோகிராமிலிருந்து 13,597 பவுண்டைக் கழிக்க முடியாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும் அல்லவா?

வீட்டுக் கரண்டியும் மருந்தும்

விமானம் வரை போக வேண்டாம். வீட்டுச் சமையலறைக்கு வாருங்கள். தம்பிக்கோ தங்கைக்கோ காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது ‘ஒரு தேக்கரண்டி’ என்றால் 5 மில்லிலிட்டர். ‘ஒரு மேசைக்கரண்டி’ என்றால் 15 மில்லிலிட்டர். இரண்டையும் மாற்றி எடுத்துக்கொண்டால் மருந்து மூன்று மடங்காகிவிடும். அதோடு, வீட்டில் தேநீர் கலக்கும் கரண்டிகள் எல்லாம் சரியாக 5 மில்லிலிட்டர் பிடிப்பதில்லை. இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-இல், குழந்தைகளுக்கான திரவ மருந்தை மில்லிலிட்டரில் மட்டுமே குறிப்பிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருந்தோடு தரப்படும் அளவுக் குவளையை அல்லது ஊசியில்லாத மருந்துக் குழலை மட்டுமே பயன்படுத்துங்கள்.

பால் புட்டியில் 4 அவுன்ஸுக்கு நேராக 120 மில்லிலிட்டர் என்று போட்டிருக்கும். நம் அட்டவணைப்படி பிரிட்டிஷ் கணக்கில் 114, அமெரிக்கக் கணக்கில் 118. எளிமைக்காக 1 அவுன்ஸை 30 மில்லிலிட்டராக முழுமைப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே பால்மாவு டின்னில் எத்தனை மில்லிலிட்டர் நீருக்கு எத்தனை கரண்டி என்று போட்டிருக்கிறதோ, அதையே பின்பற்றச் சொல்லுங்கள். அவுன்ஸ் பேச்சுக்கு இருக்கட்டும்; அளப்பதற்கு மில்லிலிட்டர்.

செய்து பாருங்கள்

1. வீட்டில் உள்ள தேநீர்க் கரண்டி ஒன்றை எடுத்து, மருந்துக் குழலால் அதை நீர் கொண்டு நிரப்புங்கள். எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கிறது? வேறு இரண்டு கரண்டிகளையும் அளந்து ஒப்பிடுங்கள்.

2. ஓர் இறக்குமதிப் புட்டியில் ‘64 திரவ அவுன்ஸ், 1.89 லிட்டர்’ என்று இருக்கிறது. இது எந்த நாட்டு அவுன்ஸ்?

3. பிரிட்டனில் அச்சான ஒரு புத்தகம், மீன்தொட்டிக்கு 15 கேலன் நீர் வேண்டும் என்கிறது. எத்தனை லிட்டர்? அதே வரி அமெரிக்கப் புத்தகத்தில் இருந்தால்?

4. பிரிட்டிஷ் சமையல் குறிப்பில் ஒன்றரைப் பைண்ட் பால் என்றால் எத்தனை மில்லிலிட்டர்?

விடைகள்: (2) 1,890 ÷ 64 = 29.5, அமெரிக்க அவுன்ஸ். (3) 68.2 லிட்டர்; அமெரிக்கக் கேலன் என்றால் 56.8 லிட்டர். (4) 852 மில்லிலிட்டர். முதல் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அது உங்கள் வீட்டுக் கரண்டியிடம்தான் இருக்கிறது.

என் வகுப்பு மாணவியின் கேள்விக்கு வருவோம். “எது உண்மை?” என்று அவர் கேட்டார். அடுத்த வாரம் அதே கேள்வியை மறுபடி கொடுத்தேன். அவர் தாளில் விடை எழுதவில்லை. “சார், எந்த நாட்டுக் கேலன்?” என்று மட்டும் எழுதியிருந்தார். முழு மதிப்பெண் போட்டேன்.